மூன்று மைக்ரான்

கண்ணீர் அஞ்சலி நோட்டீசின் வெள்ளைப் பின்பக்கத்தில்
டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு விடுவேன்.
மறுநாள் காலையில் பார்ப்பேன்:
நடுவில் கருவிழி, சுற்றிலும் பழுப்பு வளையம்,
அதற்கும் வெளியே எண்ணெய் மட்டும் தனியாக ஊறிய ஈரம்.
கருவிழிக்கு விளிம்பு கட்டினால்
கரி கூடிவிட்டது என்று அர்த்தம்.
இந்த வருடம் ஒன்பது பேரின் முதுகில் பார்த்தாயிற்று.
ஒன்பதிலும் விளிம்பு.

குளிர்ப்பெட்டி என் தொழில். விருதம்பட்டில் ஷெட்.
பெட்டியோடு இரண்டு சிலிண்டர் ஜெனரேட்டரும் போகும்,
திருவலத்திலிருந்து பள்ளிகொண்டா வரைக்கும்.
துபாயிலிருந்து மகன் வந்து இறங்கும்வரை
இஞ்சின் நிற்கக் கூடாது.
ஒரே ஒரு தரம் நின்றது. லத்தேரியில், சித்திரையில்.
அதை எழுதப் போவதில்லை.

இஞ்சினோடு வந்த ஃபில்டர் அவசரக்காரன்.
எண்ணெய் மொத்தமும் அதன் வழியாகவே ஓடியாக வேண்டும்,
அதனால் கண்களைப் பெரிதாக வைத்திருக்கிறது.
அடைத்துக்கொண்டாலோ,
வண்டிகள் தேங்கியதும் டோல்கேட்டில் கம்பியைத் தூக்கிவிடுவதுபோல
எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும்.
பைபாஸ் ஃபில்டர் வேறு ரகம்.
பத்தில் ஒரு பங்கை மட்டும் தனியே கூப்பிட்டு
உட்கார வைத்து, மெதுவாக விசாரித்து,
ஆயில் பேனுக்கே திருப்பி அனுப்பும்.

ராணிப்பேட்டையில் கலீமுல்லா
மேசைமேல் மூன்றை வைத்தார்.
ஒன்று சுழன்று சுழன்று கரியைத் தன் சுவரில் அப்பிக்கொள்வது.
அழகு. ஆனால் அது சுழல
என் இஞ்சினின் பிரஷர் போதாது.
ஒன்று இறுக்கிச் சுற்றிய காகித உருளை.
மலிவு, தண்ணீரையும் குடிக்கும்.
ஓரத்தில் மயிரிழை சந்து கிடைத்தால்
எண்ணெய் அந்தப் பக்கமாகவே நழுவிவிடும்.
மூன்றாவது, பஞ்சை அமுக்கிய டப்பா.
பதினோராயிரத்து நானூறு.
"மூணு மைக்ரான்மா. தொண்ணூத்தெட்டு பர்சன்ட் புடிக்கும்."
"ஒரு தரம் போனாவா,
இல்ல பத்து தரம் சுத்துனப்புறமா?"
கண்ணாடியைக் கழற்றினார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அதில் அது இல்லை.
"இத்தினி வருசத்துல யாரும் கேட்டதில்ல."
டீ வந்தது.

வீட்டில் பென்சிலோடு உட்கார்ந்தேன்.
இருநூறு மணிக்கு ஒரு தரம் ஆறு லிட்டர் ஆயில்.
அதை நானூறாக நீட்டினால் மிச்சம் இவ்வளவு.
பஞ்சு மாற்ற இவ்வளவு.
மாதத்துக்கு எத்தனை மணி ஓடும்?
மார்கழியில் அதிகம். ஆனியில் குறைவு.
டப்பாவின் காசு திரும்பி வர
எத்தனை வீடு
என்ற இடத்தில் வந்து நின்றது கணக்கு.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

மெக்கானிக் ஜெயராமுலுவின் கவலை வேறு.
"பத்துல ஒண்ணுன்னு சொல்லிட்டு
நாலுல ஒண்ணு தூக்கிக்கினு போச்சுன்னா?
ஐடிலிங்ல பேரிங்குக்கு இன்னா மிஞ்சும்?"
அதற்காக குழாயில் ஒரு பித்தளை அடைப்பு,
நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை.
குண்டூசித் தலைக்கும் சிறிது.
யோசித்தால், நான் வாங்கியது அந்தத் துளையைத்தான்.
மற்றதெல்லாம் அதற்கு உறை.

மாட்டினோம். ஸ்டார்ட் செய்து
இருவரும் பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கொஞ்சம் இறங்கியது. யோசித்தது. நின்றது.
"கீது. போதும்," என்றார், கையைத் துடைத்தபடி.

நூற்று நாற்பது மணி ஓடிவிட்டது.
எண்ணெய் கறுப்பாகத்தான் இருக்கிறது.
மூன்று மைக்ரானுக்கும் கீழே
கறுப்புக்கு நிறைய இடம் உண்டு போல.
நேற்று வந்த நோட்டீசில் சொட்டு விட்டேன்.
விளிம்பு கட்டவில்லை. பழுப்பு பரவிப் பரவி
எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை.
எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடியாகி
மறுபக்கத்து அம்மாளின் மூக்குத்தி தெரிந்தது.

இப்போது லத்தேரியிலிருந்து போன்.
அதே தெரு. கரண்ட் இல்லையாம்.
"உங்க ஜெனரேட்டர் நடுவுல நிக்காதில்ல?"
இருநூறுக்கு இன்னும் அறுபது மணி இருக்கு என்றேன்.
அந்தப் பக்கம் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.
வண்டி கிளம்பிடுச்சு என்று
மாற்றிச் சொன்னேன்.